மேல்வீட்டறை முதல் பாம்பன் கரை வரை: பெந்தெகொஸ்தே பற்றி வாசகர் கேள்விகள்

ஒரே தெருவில் ஒரு வீடு அந்தோணியார் கோயிலுக்கும், அடுத்த வீடு பெந்தெகொஸ்தே சபைக்கும் போகிற ஊர்கள் நம் கரையில் நிறைய உண்டு. இராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடி வரை வந்த கடிதங்களில் இந்த இதழுக்குப் பொருத்தமானவற்றை எடுத்துப் பதில் தந்திருக்கிறோம். அனுப்பியவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டோம்.

பெந்தெகொஸ்தே என்பது அமெரிக்காக்காரன் கொண்டுவந்து இறக்கியது என்று எங்கள் பெரியப்பா சொல்கிறார். உண்மையா? (பாம்பன்)

பெரியப்பா சொல்வதில் பாதிதான் சரி. பெயரிலிருந்து தொடங்குவோம். பெந்தெகொஸ்தே என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஐம்பதாவது என்று பொருள். பஸ்காவுக்குப் பின் ஐம்பதாம் நாள் யூதர்கள் கொண்டாடிய அறுவடைப் பண்டிகை அது. அன்று எருசலேமில் கூடியிருந்த சீடர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கியதையும், அவர்கள் கற்றறியாத மொழிகளில் பேசியதையும் அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. பெரியப்பா கத்தோலிக்கர் என்றால் இதே நூலைத் திருத்தூதர் பணிகள் என்ற பெயரில் வாசித்திருப்பார். பரிசுத்த ஆவியைத் தூய ஆவி என்பார். பெயர்தான் வேறு, பகுதி ஒன்றே.

இன்றைய இயக்கத்துக்கு அமெரிக்காவில் இரண்டு தேதிகளைச் சொல்வார்கள். 1901 ஜனவரி 1 அன்று கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் சார்லஸ் பார்ஹாம் நடத்திய வேதப்பள்ளியில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற மாணவி அந்நிய பாஷையில், அதாவது தான் கற்றறியாத மொழியில், பேசினார். அடுத்தது 1906 ஏப்ரல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெரு. அங்கே தலைமை தாங்கியவர் வில்லியம் சீமோர், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த கறுப்பினத்தவர். ஹூஸ்டனில் பார்ஹாமின் வகுப்பில் வெள்ளையரோடு உட்கார அவருக்கு அனுமதியில்லை. வெளியே நடையில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியே பாடம் கேட்டார். அசூசா தெருவில் அவர்களுக்குக் கிடைத்த கட்டடம் ஒரு காலத்தில் ஆலயமாக இருந்து, பிறகு குதிரைக் கொட்டிலும் கிடங்குமாக ஆனது. தரையில் மரத்தூள் பரப்பி, பலகைகளைப் பெஞ்சாகப் போட்டு, மரப்பெட்டிகளை அடுக்கிப் பிரசங்க மேடையாக்கினார்கள். நம் ஊரில் கருவாட்டுக் கொட்டகையை ஒழித்துக் கூடுகிறார்களே, அதே மாதிரிதான். கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகோக்காரரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை அந்தக் காலத்து அமெரிக்கா சகிக்கவில்லை. அந்நிய பாஷையைவிட அதுதான் பெரிய அதிசயம் என்பது எங்கள் எண்ணம்.

இனி பெரியப்பா சொல்லாமல் விட்ட மறுபாதி. அசூசாவுக்கு ஓராண்டு முன்பே, 1905இல், புனேக்கு அருகே கேட்காவில் பண்டித ரமாபாய் நடத்திய முக்தி இல்லத்தில் விதவைகளும் அநாதைப் பெண்களும் இதே அனுபவத்தைப் பெற்றார்கள். அங்கே ஊழியம் செய்த மின்னி ஆப்ரம்ஸ் அதைச் சிறு நூலாக எழுதித் தன் தோழிக்கு அனுப்ப, அது தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1909இல் எழுந்த எழுப்புதலுக்கு, அதாவது ஆவிக்குரிய விழிப்புக்கு, ஒரு தூண்டுதலாயிற்று. இங்கிருந்து அங்கே போன செய்தி அது.

அதற்கும் முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் எழுப்புதல் எழுந்தது. அதன் நடுவில் நின்றவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். மிஷனரி சங்கங்களின் சம்பளம் வாங்காமல், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை அமைத்து ஊழியம் செய்தார். அங்கே தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை, பாவ அறிக்கை, கண்ணீர் எல்லாம் நடந்ததை அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. அப்போது பார்ஹாம் பிறக்கவே இல்லை. இதைப் பெரியப்பாவிடம் சொல்லுங்கள், சண்டை போடாமல்.

சி.பி.எம்., ஏ.ஜி., ஐ.பி.சி. என்று போர்டு வேறு வேறாக இருக்கிறதே, எல்லாம் ஒன்றா? (தங்கச்சிமடம்)

ஆவியின் அபிஷேகம், முழுக்கு ஞானஸ்நானம், ஜெபத்தால் நோய் தீரும் தெய்வீக சுகம், இயேசுவின் இரண்டாம் வருகை ஆகிய நான்கிலும் ஒன்று. நிர்வாகத்திலும் ஒழுங்கிலும் வேறு.

சி.பி.எம். என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் இலங்கைக்குப் போய்க் கிறிஸ்தவரான ராமன்குட்டி, பிற்காலத்தில் பாஸ்டர் பால் என்றானவர், 1920களின் தொடக்கத்தில் கொழும்பில் ஆரம்பித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று இரு கரைக்கும் ஆட்கள் போய்வந்த காலம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இந்த வழிதான் இரு நாட்டையும் இணைத்தது. இப்போது இந்தச் சபையின் பெயர் தி பெந்தெகொஸ்தே மிஷன், தலைமையிடம் சென்னை தாம்பரம் அருகே இரும்புலியூர். ஊழியர்கள் திருமணம் செய்யாமல், வெள்ளை உடுத்தி, விசுவாச வீடு என்ற இல்லத்தில் கூட்டாக வாழ்வார்கள்.

ஐ.பி.சி. என்பது இந்தியா பெந்தெகொஸ்தே சபை, கே.இ. ஆபிரகாம் கேரளத்தில் 1924இல் தொடங்கியது, தலைமையிடம் கும்பநாடு. ஏ.ஜி. என்பது 1914இல் அமெரிக்காவின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உருவான அசெம்பிளிஸ் ஆஃப் காட். இதன் பாஸ்டர்கள் குடும்பஸ்தர்கள். இவை தவிர எந்தச் சங்கத்திலும் சேராத தனிச் சபைகள்தான் கரையில் அதிகம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான சபைகள் மத்தேயு 28:19இன்படி பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும். "இயேசுவின் நாமம் மட்டும்" என்கிற சபைகள் அப்போஸ்தலர் 2:38ஐக் காட்டும். பிதா, குமாரன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை அவை ஏற்பதில்லை. இது பெயர்ப் பலகை வேறுபாடு அல்ல, கடவுளைப் பற்றிய போதனையே வேறு. சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத் தெரியவந்து மனம் உடைபவர்கள் உண்டு.

என் மகள் ஆவியின் அபிஷேகத்துக்காக மூன்று காத்திருப்புக் கூட்டங்களுக்குப் போய்விட்டாள். அந்நிய பாஷை வரவில்லை என்று இரவெல்லாம் அழுகிறாள். பேசாவிட்டால் இரட்சிப்பு இல்லையா? (வேர்க்கோடு)

அம்மா, முதலில் மகளைச் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். அந்நிய பாஷை இல்லையென்றால் இரட்சிப்பு இல்லை என்பது பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளின் போதனை அல்ல. மனந்திரும்பி விசுவாசிப்பது இரட்சிப்பு. ஆவியின் அபிஷேகம் அதற்குப் பின் ஊழியத்துக்காகக் கிடைக்கும் பெலன். அந்த அபிஷேகத்தின் முதல் அடையாளம் அந்நிய பாஷை என்று ஏ.ஜி. போன்றவை சொல்லும். ஆனால் 1 கொரிந்தியர் 12ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுல், எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்றே கேட்கிறார். இல்லை என்பதுதான் அவர் எதிர்பார்க்கும் பதில்.

காத்திருப்புக் கூட்டத்தில் கெட்டுப்போகிற இடம் ஒன்றுண்டு. சுற்றி நின்று தோளை உலுக்குவது, ஒரே வார்த்தையை வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வது, "நான் சொல்வதைப் போலவே சொல்" என்று அசைகளைக் கற்றுத்தருவது. சொல்லிக்கொடுத்து வருவது வரம் அல்ல. வெறும் வயிறும் தூக்கமின்மையும் வெக்கையும் சேர்ந்தால் பெண்பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். அதை அபிஷேகம் என்று எண்ணிவிடக் கூடாது. கூட்டம் நடத்துபவர்கள் தண்ணீர் வைக்க வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், பெண்கள்மேல் பெண்களே கைவைத்து ஜெபிக்க வேண்டும். சபையில் அந்நிய பாஷை பேசுவதற்கும் ஒழுங்கு எழுதியிருக்கிறது: இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒவ்வொருவராக, ஒருவர் அர்த்தம் சொல்ல வேண்டும். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:27, 28).

அடுத்த மாதம் கடலில் ஞானஸ்நானம். நீச்சல் தெரியாது, பயமாக இருக்கிறது. எப்படித் தயாராவது? (மண்டபம்)

பயம் நியாயமானதுதான். கடல் ஞானஸ்நானத்தில் ஆவிக்குரிய தயாரிப்பு பாதி, கடலை அறிவது பாதி.

எந்தக் கடல் என்று பாஸ்டரிடம் கேளுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை அடிக்கும்போது வடகடல் (பாக் விரிகுடா) கலங்கி அலை எழும், தென்கடல் (மன்னார் வளைகுடா) பரவாயில்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும்போது தென்கடல் பொங்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். வடகடல் ஆழமில்லாதது. இடுப்பளவு வர வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும், அடியில் சேறு இருக்கும். அரிச்சல்முனைப் பக்கம் மட்டும் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் காலை வாரிவிடும். காலையில் காற்று கிளம்புமுன், ஆறரை ஏழு மணிக்குள் முடிப்பது நல்லது. ஊரில் கடலறிந்த பெரியவர் ஒருவரை முந்தின நாளே இடத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடந்தால் மணலில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போகும். சொறி (ஜெல்லி மீன்) மிதக்கிற நாளில் இறங்க வேண்டாம்.

உடை முக்கியம். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இறங்கினால் கொசுவம் காற்றடைத்துப் பந்துபோல் மேலே எழும், காலில் சுற்றும், நனைந்ததும் உடம்பு தெரியும். பெண்கள் அடர்நிறச் சுடிதாருக்கு மேல் சபை கொடுக்கும் வெள்ளை அங்கியைப் போடலாம். சேலைதான் என்றால் உள்ளே அடர்நிறப் பாவாடை, கீழ்மடிப்பில் நான்கைந்து ஊக்கு. கரையில் துண்டோடும் மாற்று உடையோடும் ஒரு பெண் காத்திருக்கட்டும்.

தண்ணீரில் பாஸ்டரும் ஒரு துணையாளும் உங்கள் இருபக்கமும் நிற்பார்கள். இடுப்பளவுக்குமேல் ஆழம் தேவையில்லை. இரு கைகளையும் மார்பில் மடித்து, ஒரு கையால் கைக்குட்டையோடு மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாஸ்டரின் ஒரு கை உங்கள் முதுகின் மேற்பகுதியில், மற்றது உங்கள் மடித்த கைகளின்மேல். நாமத்தைச் சொல்லி முடிக்கும்போது முழங்காலை மடக்கி, பின்னால் சாயுங்கள். ஒரு விநாடிதான், தலை முழுதும் மூழ்கியதும் தூக்கிவிடுவார்கள். பெரும்பாலும் தவறுகிற இடம் முழங்கால்தான். பயத்தில் விறைத்து நின்றால் கால் மேலே மிதந்து, தூக்குகிறவரும் சேர்ந்து சறுக்குவார். முகம் கரையைப் பார்த்து, முதுகு கடலைப் பார்த்து நில்லுங்கள். ஓர் அலை கடந்த பிறகே மூழ்க வேண்டும். முந்தின நாள் வீட்டுக் கட்டிலில் யாராவது முதுகைத் தாங்கச் சாய்ந்து எழுந்து பழகினால் பயம் பாதி போய்விடும்.

வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், நெஞ்சுவலிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொட்டியில் எடுக்கலாம். தொட்டித் தண்ணீரும் தண்ணீர்தான். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் இல்லாமல் எந்தப் பாஸ்டரும் இறங்கக் கூடாது.

ஞானஸ்நானம் எடுத்தால் சாதிச் சான்றிதழ் மாறுமா? (தொண்டி)

ஏற்கனவே கத்தோலிக்கராகவோ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆகவோ இருந்தால் எதுவும் மாறாது, முன்பும் கிறிஸ்தவர், இப்போதும் கிறிஸ்தவர். இந்து ஆதிதிராவிடராக இருந்தால் மாறும். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்கும் போய்க்கொண்டே இந்து என்று சான்றிதழ் கேட்ட வழக்கை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்த ஆணை அநீதி என்று வாதாடுகிற தலித் கிறிஸ்தவர்களோடு நாங்களும் நிற்கிறோம். ஆனால் இன்றுள்ள சட்டத்தை மறைத்துப் பிள்ளையின் படிப்பை ஆபத்தில் தள்ளாதீர்கள்.

சபையில் ஜெபித்த பிறகு என் தம்பி காசநோய் மாத்திரையை நிறுத்திவிட்டான். (ஊர் வேண்டாம்)

இன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கள், அங்கே இலவசமாகவே தருகிறார்கள். வழக்கமான காசநோய்க்கு 6 மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறிவிடும், அப்போதுதான் எல்லாரும் நிறுத்துவார்கள். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி, வீட்டிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வரலாம். இன்சுலினை மட்டுமே நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம்.

மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு 5:14 சொல்கிறது, அதை நாங்கள் முழு மனதோடு நம்புகிறோம். மருந்தை நிறுத்து என்று அந்த வசனத்தில் இல்லை. பெந்தெகொஸ்தேக்குள்ளேயே மருந்தைத் தவிர்க்கும் மரபு ஒன்று இருக்கிறது, மருத்துவமனை நடத்துகிற மரபும் இருக்கிறது. சுகம் கிடைத்தது என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அதைக் காட்டட்டும், மாத்திரையை டாக்டர் நிறுத்தட்டும். சாட்சி சொல்ல அதைவிட நல்ல ஆதாரம் வேறென்ன?

உபவாசத்துக்கும் இதேதான். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் முழுநாள் உபவாசம் இருந்தால் சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கலாம். ஒருவேளை உணவை மட்டும் விடுவதும் உபவாசமே.

தசமபாகம் எதில் கணக்கிடுவது? மீன் விலைபோன மொத்தத்திலா, கையில் வந்ததிலா? (மூக்கையூர்)

கையில் வந்த பங்கில். ஓர் உதாரணம். மீன் 40,000 ரூபாய்க்கு விலைபோகிறது. டீசல், ஐஸ், சாப்பாடு 25,000. மீதி 15,000இல் பாதி படகுக்கு, பாதி ஆட்களுக்கு என்று வைத்தால், ஐந்து பேருக்கு ஆளுக்கு 1,500. பங்கு முறை படகுக்குப் படகு மாறும், அது வேறு. பத்தில் ஒரு பங்கான உங்கள் தசமபாகம் 150 ரூபாய். வியாபாரியிடமோ படகுக்காரரிடமோ வாங்கிய முன்பணம் கடன், வருமானம் அல்ல. அதில் தசமபாகம் எடுக்கவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் வருமானம் இல்லையென்றால் தசமபாகமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் சபைதான் உங்கள் வீட்டுக்கு அரிசி கொடுக்க வேண்டும், முதல் சபையில் அப்படித்தான் நடந்தது (அப்போஸ்தலர் 4:34, 35). கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். வருஷக் கணக்கைச் சபையில் வாசிக்காத இடத்தில் கேள்வி கேட்பது பாவம் அல்ல.

தாலியைக் கழற்றினால்தான் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் தருவோம் என்கிறார்கள். கணவர் சபைக்கு வருவதில்லை. (பெரியபட்டினம் அருகே)

நகை வேண்டாம் என்பதற்கு 1 பேதுரு 3:3ஐயும் 1 தீமோத்தேயு 2:9ஐயும் காட்டுவார்கள். கண்டிப்பான சபைகளில் கம்மல், தாலி, பூ, பொட்டு எல்லாம் போய்விடும். ஏ.ஜி. சபைகள் பலவற்றில் கட்டாயம் இல்லை. அக்கா, அதே பேதுரு 3ஆம் அதிகாரம் முதல் வசனத்திலேயே சபைக்கு வராத கணவரை எப்படி நடத்துவது என்றும் சொல்கிறது. அவர் மனம் நோகத் தாலியைக் கழற்றிவிட்டு அவரைச் சபைக்கு அழைப்பது நடக்காத காரியம். பாஸ்டரிடம் நீங்களே சொல்லத் தயங்கினால் பாஸ்டரம்மாவிடம் சொல்லுங்கள். ஒருவேளை இருவரும் பேசிக் கழற்ற முடிவெடுத்தால் நகை உங்கள் பெயரிலேயே, உங்கள் வங்கிப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். காணிக்கையாகவோ பத்திரமாக வைக்கவோ யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

கத்தோலிக்கக் கோயில் திருவிழா வரி கட்டவில்லை என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. (இராமேஸ்வரம் தீவு)

சப்பரமும் கொடியேற்றமும் உங்கள் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்றால் அதைத் தனியாக, மரியாதையாக, ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். கூட்டத்தில் எழுந்து "விக்கிரகம்" என்று பேசினால் அன்றோடு பேச்சு முறிந்தது. வரிக்குச் சமமான தொகையை, ஒரு ரூபாய் குறையாமல், ஊர்ப் பள்ளிக்கோ கரை வேலைக்கோ தருவதாக எழுதிக்கொடுங்கள். கடலில் காணாமல் போனவர்களைத் தேடும் செலவுக்கு ஊர் வசூலிக்கும்போது முதல் ஆளாக நில்லுங்கள். 1967இல் அமெரிக்காவில் தொடங்கி நம்மூர் வரை வந்த கத்தோலிக்க அருங்கொடை இயக்கத்திலும் கைதட்டிப் பாடுகிறார்கள், அந்நிய பாஷை பேசுகிறார்கள். உங்களுக்கும் பங்குச் சாமியாருக்கும் பேசிக்கொள்ள இடம் இருக்கிறது.

முழு இரவு ஜெபத்தின் மைக் சத்தம் தாங்கவில்லை. (பெயர் வேண்டாம்)

இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி வைக்கப் பொதுவாக யாருக்கும் அனுமதியில்லை, கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் சபையானாலும். பத்துக்குமேல் மைக்கை அணைத்துக் கதவைச் சாத்தி ஜெபிக்கலாம். வாசலுக்குப் போய் பாஸ்டரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள், முதலிலேயே போலீசுக்குப் போக வேண்டாம்.

மகளுக்குச் சபையில் கல்யாணம். பாஸ்டர் தரும் சான்றிதழ் பாஸ்போர்ட்டுக்குச் செல்லுமா? (மண்டபம் முகாம் அருகே)

பாஸ்டருக்கு உரிமம் இருந்தால் செல்லும். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, ஆயர்களால் குருப்பட்டம் பெற்றவர்கள் தவிர மற்ற ஊழியர்கள் திருமணம் நடத்த அரசின் உரிமம் வேண்டும். தனிச் சபைப் பாஸ்டர்கள் பலரிடம் அது இல்லை. உரிமம் இல்லாமல் அந்தச் சட்டப்படி நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். பத்திரிகை அடிக்குமுன் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதில் எந்தப் பகுதிக்கு என்று எழுதியிருப்பதையும் பாருங்கள். முன்னறிவிப்பு முறைப்படி கொடுக்க வேண்டும். திருமணம் காலை 6 முதல் மாலை 7 மணிக்குள் நடக்க வேண்டும். மாப்பிள்ளை கடலிலிருந்து வரத் தாமதமானால் நேரத்தைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

உரிமம் இல்லையென்றால் 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிந்துகொண்டு, சபையில் ஆசீர்வாத ஜெபம் மட்டும் நடத்தலாம். எப்படி நடந்தாலும் 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். அது தவறினால் 150ஆம் நாள்வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். ஞானஸ்நானத்தில் வைத்த புதுப் பெயரைச் சான்றிதழில் எழுதவேண்டாம். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் உள்ள பெயரை, அதே இனிஷியலோடு எழுதச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.